வன்னியில் வீட்டு வளவைத் திருத்துதல்: நாமே செய்வதா, ஆள் பிடித்துச் செய்விப்பதா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் மன்னாரின் பெருநிலப்பரப்பிலும் வீடு கட்டி முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது வளவைப் பற்றித்தான். கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச், அதாவது நான்கு பரப்பு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவுகளும் இங்கே குறைவில்லை. ஆகவே கொழும்பில் ஆறு பேர்ச் காணிக்குச் சொல்லப்படும் ஆலோசனை இங்கே அப்படியே பொருந்தாது. மண்ணும் மழையும் வேறு; போர் விட்டுச் சென்ற சில சிக்கல்களும் இந்த மண்ணுக்குள் இருக்கின்றன. அவற்றை மனத்தில் வைத்தே கீழுள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எந்த வேலையை நாமே செய்யலாம், எதை மற்றவரிடம் விடவேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது?

பலர் முதலில் செலவைப் பார்க்கிறார்கள். செலவு இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது. பிழைத்துப் போனால் அந்த வேலையைத் திரும்பச் செய்ய முடியுமா என்பதே முதற் கேள்வி. செவ்வரத்தையை இடம் மாற்றி நட்டுவிட்டால் அடுத்த மாரிக்குப் பிடுங்கி வேறிடத்தில் வைக்கலாம். மேல்மண்ணை வழித்து அள்ளிவிட்டாலோ, வெள்ளம் வீட்டை நோக்கி ஓடும்படி நிலத்தைச் சரித்துவிட்டாலோ, அடுத்தவர் எல்லைக்குள் மதிலை எழுப்பிவிட்டாலோ அதைத் திருத்துவதற்கு முதலில் செலவழித்ததைவிடக் கூடுதலாகச் செலவாகும்; சிலவேளை திருத்தவே முடியாது. திருத்த முடியாத வேலைகளுக்கு வேலை தெரிந்தவரையும் இயந்திரத்தையும் பிடியுங்கள். நடுதல், பசளை இடுதல், மூடாக்குப் போடுதல், வேலி அடைத்தல் போன்றவற்றை வீட்டார் தாமே செய்வது பெரும்பாலும் நல்லது. வளவு முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாவி வாங்குவதுபோல் வாங்கிக்கொள்ளும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

வன்னியில் இந்த வேலைக்குத் ‘தொழில்முறையாளர்’ என்று யாரைக் கருதுவது?

தோட்ட வடிவமைப்பை மட்டுமே தொழிலாகச் செய்பவரை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. மண்ணை வெட்டித் தள்ளும் பெக்கோ இயந்திரக்காரர், மேசன், வேலித்தூண் போடுபவர், கன்று விற்பவர், நாட்கூலிக்கு வருபவர் ஆகியோர் தனித்தனியே செய்யும் வேலைகள் சேர்ந்துதான் ஒரு வளவு உருவாகிறது. இவர்களையெல்லாம் ஒருங்கிணைத்துத் தருவதாகக் கூறும் கொந்தராத்துக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களும் அதே இயந்திரக்காரரையும் அதே மேசனையுமே அழைத்து வருவார்கள் என்பதால், இடையில் கொந்தராத்துக்காரர் எடுக்கும் பங்குக்கு ஈடாக மேற்பார்வை என்ற ஒன்றை உண்மையிலேயே செய்கிறாரா என்று பாருங்கள்.

பலரும் மறந்துவிடும் ஒருவர் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர். அவருடைய ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. தென்னையைப் பொறுத்தவரை தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையின் உத்தியோகத்தரையும் அணுகலாம்.

எங்கள் வளவின் மண் எப்படிப்பட்டது என்று தெரியாமல் வேலையைத் தொடங்கலாமா?

தொடங்கக்கூடாது. வன்னி முழுவதும் ஒரே மண் அல்ல. வவுனியா, மாங்குளம் போன்ற இடங்களிற் பரவலாக உள்ள செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும். நனைந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஈரத்தில், மழை விட்டுச் சில நாட்கள் மட்டுமே மண்வெட்டி இலகுவாக இறங்கும். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் மாரியில் வீங்கிக் கோடையில் பிளக்கும். அங்கே நடைபாதைக் கல்லும் சிறு மதிலும் வெடிப்பதற்கு மேசனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்தின் மணலில் ஊற்றிய நீர் நின்றுபிடிக்காது. அங்கே குப்பையும் எருவும் சேர்க்காமல் எதையும் வளர்ப்பது கடினம். வயலை அடுத்த பள்ளக் காணிகளில் மார்கழியில் நீர் தேங்கும்.

இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, வாளித் தண்ணீரால் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் மா, பலா, எலுமிச்சை வைப்பதற்கு முன் வடிகால் வேண்டும். இந்தச் சோதனைக்குக் கூலி ஆள் தேவையில்லை.

நிலத்தை மட்டப்படுத்தும் வேலையை நாமே செய்ய முடியுமா?

அளப்பதை நீங்கள் செய்யுங்கள். தள்ளுவதை இயந்திரத்திடம் விடுங்கள். வன்னியின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2018 டிசெம்பரில் ஒரே இரவுப் பெருமழைக்குப் பின் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டதையும், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறியதையும் இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குளத்து வெள்ளத்தை வளவுத் திருத்தத்தால் தடுக்க முடியாது. ஆனால் நமது கூரையில் விழுந்த நீர் நமது படிக்கட்டிலேயே தேங்குவதைத் தடுக்கலாம். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் 2,300 லீற்றருக்கு மேற்பட்ட நீர் இறங்குகிறது. அது எங்கே போகவேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்காவிட்டால் அது தானே தீர்மானித்துக்கொள்ளும்.

வீட்டைச் சுற்றிக் குறைந்தது பத்தடிக்காவது நிலம் வெளிப்புறமாகச் சரிய வேண்டும். பத்தடிக்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலச் சரிவு போதும். இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. மேசன்மார் பயன்படுத்தும் கண்ணாடிபோன்ற நீர்மட்டக் குழாயை வாங்கி, உள்ளே காற்றுக்குமிழி இல்லாதபடி தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வீட்டுச் சுவரோரம் நட்ட தடியிலும் மறுமுனையைப் பத்தடிக்கு அப்பால் நட்ட தடியிலும் பிடியுங்கள். நீர் ஆடி நின்றதும் இரு தடிகளிலும் நீர் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். இரு கோடுகளும் ஒரே மட்டம். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் நிலம் வரை அளந்தால் வரும் வித்தியாசமே சரிவு. சிறுபிள்ளையும் பெரியவரும் சேர்ந்து ஒரு காலைப் பொழுதில் வளவு முழுவதையும் இப்படி அளந்து ஒரு தாளில் குறித்துவிடலாம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெக்கோக்காரருடன் பேசுவதும், “எல்லாத்தையும் மட்டமாக்கிவிடுங்கோ” என்று சொல்வதும் ஒன்றல்ல. வளவு மேசைபோல் மட்டமாக இருப்பதே பிழை.

இயந்திரக்காரருக்குச் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. மேலே உள்ள ஏறத்தாழ ஆறு அங்குல மண்ணிலேயே பயிருக்கு வேண்டிய சத்து பெரும்பாலும் இருக்கிறது. அதை முதலில் வழித்து ஓர் ஓரத்தில் குவித்து, அடிமண்ணைச் சரிசெய்தபின் திரும்பப் பரப்ப வேண்டும். இதற்கு இயந்திரம் கூடுதல் மணித்தியாலம் ஓடவேண்டியிருக்கும் என்பதால் நீங்கள் கேட்காமல் யாரும் செய்யமாட்டார்கள். செய்யாமல் விட்ட வளவுகளில் சரளை மேலே வந்து, பல மாரிகள் கழிந்தும் புல்கூட முளைக்காமல் கிடப்பதை ஏ9 வீதியோரத்திலேயே பார்க்கலாம்.

பள்ளத்தை நிரப்ப மண் வாங்கவேண்டியுள்ளது. எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது?

மண்ணும் மணலும் கிரவலும் கியூப் கணக்கில் விற்கப்படுகின்றன; ஒரு கியூப் 100 கன அடி. ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி. ஆகவே பத்துப் பேர்ச் நிலத்தை அரையடி உயர்த்துவதற்கு ஏறத்தாழ பதின்மூன்றரைக் கியூப் வேண்டும். கொட்டிய மண் மழையில் அமர்ந்து இறங்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 16 அல்லது 17 கியூப் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் டிப்பரின் பெட்டியை நீளம், அகலம், உயரம் என்று நீங்களே அளந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மண் வெட்டுவதற்கும் ஏற்றி வருவதற்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. விலை மலிவாகச் சொல்லி இரவில் மட்டும் கொண்டுவந்து பறிப்பவரிடம் வாங்காதீர்கள். குளத்து அலைகரையையும் ஆற்றங்கரையையும் அரித்துக் கொண்டுவரும் மண் அது.

காணியைத் தோண்டுவது பாதுகாப்பானதா? போர்க்கால வெடிபொருட்கள் இருக்கக்கூடுமா?

2009 இல் போர் முடிந்த பின் பெருமளவு நிலம் கண்ணிவெடி அகற்றப்பட்டு மக்களிடம் கையளிக்கப்பட்டுள்ளது. ஆயினும் கண்ணிவெடி அகற்றல் குறிப்பிட்ட ஓர் ஆழம் வரையே செய்யப்படும் பணி. கிணறு வெட்டவும் மலசலகூடக் குழி தோண்டவும் தென்னங்குழி எடுக்கவும் அதற்குக் கீழே போக நேரும். பல ஆண்டுகள் ஆளில்லாமல் பற்றை மூடிக் கிடந்த காணியானால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அது விடுவிக்கப்பட்ட காணிதானா என்று விசாரித்து, அயலவர்களிடமும் கேட்டபின்பே மண்வெட்டியை எடுங்கள். கூலிக்கு வருபவரிடமும் இதை மறைக்காமல் சொல்லவேண்டும்; அவருடைய உயிரும் உயிர்தான்.

துருப்பிடித்த உலோகமோ, இனந்தெரியாத பெட்டியோ, வயரோ தென்பட்டால் தொடவேண்டாம், இழுக்கவேண்டாம், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். வந்த வழியே திரும்பி, தூரத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் பொலிஸாருக்கு அறிவியுங்கள். அவசர இலக்கம் 119. வெட்டிய பற்றையைப் பழைய பள்ளத்துள் போட்டு எரிப்பதையும் தவிருங்கள்; மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கக்கூடும்.

இன்னொன்று, மூடப்பட்ட பதுங்குகுழிகள். பனங்குற்றிகளை அடுக்கி மேலே மண் மூட்டை போட்ட குழிகள் பின்னர் அவசரத்தில் மூடப்பட்டன. குற்றி உக்கியதும் மேல்மண் கீழே இறங்கும். ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் ஒரே இடம் தாழ்ந்து வருகிறதென்றால் அங்கே தண்ணீர்த் தாங்கியோ நடைபாதையோ அமைக்கவேண்டாம். உள்ளே வெடிபொருள் ஏதும் இல்லையென்று உறுதியானபின் தோண்டி, இறுக்கி நிரப்பவேண்டும். இது நிச்சயமாக வேலை தெரிந்தவர்களுக்கு உரிய வேலை.

எந்த மாதத்தில் எதைச் செய்வது?

இயந்திர வேலை ஆவணியிலேயே முடிந்துவிட வேண்டும். நனைந்த செம்மண்மேல் பெக்கோவோ டிப்பரோ ஓடினால் மண் இறுகிப்போய் வேர் இறங்காது. குழிகளைப் புரட்டாதியில் எடுத்து ஆறவிடுங்கள். ஐப்பசியில் மழை இரண்டு மூன்று முறை நன்றாகப் பெய்தபின் நடுங்கள். கார்த்திகைக்குள் நட்டு முடிந்தால் கன்று தை வரை மழையிலேயே வேரூன்றிவிடும். சித்திரையில் இடைமழை கிடைக்குமென்று நம்பி மாசியில் நடுபவர்கள் கோடை முழுவதும் வாளி சுமக்கிறார்கள்.

இங்கே ஆள் பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கூலி ஆட்கள் எல்லோரும் காலபோக வயலில் நிற்பார்கள். குழி வெட்ட ஆள் வேண்டுமென்றால் அதற்கு முன்பே பேசி வையுங்கள். நடுவதற்கு வீட்டார் போதும்.

தென்னையும் மாவும் நாமே நடலாமா, கன்று விற்பவரையே நட்டுத் தரச் சொல்லலாமா?

நீங்களே நடுங்கள். விற்பவருக்குக் கன்று விற்றவுடன் கடமை முடிந்துவிடும்; அது மூன்றாவது கோடையில் உயிரோடு நிற்கவேண்டும் என்ற கவலை உங்களுக்குத்தான் இருக்கும்.

தென்னைக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழமான குழி வேண்டும். இறுகிய செம்மண்ணில் இது அலவாங்கு பிடிக்கவேண்டிய கடும் வேலை. குழிக்கு இவ்வளவு என்று பேசி வெட்டுவித்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அளவுகோலோடு போய் அடியில் அளந்து பாருங்கள், ஏனெனில் வாய் அகன்று அடி ஒடுங்கிய குழியே பெரும்பாலும் கிடைக்கும். அடியில் தேங்காய் உரிமட்டையை நார்ப்பக்கம் மேலே பார்க்கும்படி இரண்டு வரிசை அடுக்கி, இடையில் மண் தூவி, அதன்மேல் மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். கோடையில் ஈரத்தைப் பிடித்து வைப்பது அந்த மட்டைதான். தென்னைக்குத் தென்னை 26 அடி இடைவெளி விடவேண்டும். கால் ஏக்கர் முழுவதும் தென்னை வைத்தாலும் 16 மரந்தான் நிற்கும். அதற்குமேல் நெருக்கி வைத்துத் தருவதாக ஒருவர் சொன்னால் அவர் கன்று விற்கப் பார்க்கிறார். வீட்டுச் சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி, மின்கம்பிக்குக் கீழே வராதபடி இடம் குறியுங்கள்.

மா ஒட்டுக்கன்றில் ஒட்டிய இடத்தைப் பாருங்கள். அது நன்றாக மூடி ஆறியிருக்கவேண்டும், அதற்குக் கீழே துளிர் வந்திருந்தால் அது ஒட்டிய மா இனமான கறுத்தக்கொழும்பான் அல்ல, அடிக்கட்டையின் துளிர், கிள்ளிவிடவேண்டும். நடும்போது பொலித்தீன் பையின் அடியையும் பக்கத்தையும் பிளேட்டால் கீறி, மண்கட்டி உடையாமல் பையை முற்றாக அகற்றவேண்டும். கூலிக்கு நட்ட கன்றுகள் சில பையோடு புதைக்கப்பட்டிருப்பதை, இரண்டு ஆண்டுகள் வளராமல் நின்றபின் பிடுங்கிப் பார்க்கும்போதுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கவேண்டும்.

முன்முற்றத்துக்குப் புற்றரை போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாமா?

தண்ணீரைக் கணக்கிட்டுவிட்டு முடிவெடுங்கள். கோடையில் புல் பச்சையாக நிற்கச் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து லீற்றர் நீர் வேண்டும். ஒரு பேர்ச் 25 சதுர மீற்றர். ஐந்து பேர்ச் புற்றரைக்கு நாளாந்தம் 600 லீற்றருக்கு மேல் போகும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை மழை அரிது. ஆவணியில் பல கிணறுகள் அடியைத் தொடும். வவுனியாவின் பல இடங்களில் வீட்டுக்குக் குடிநீரே வெளியிலிருந்து வரும்போது புல்லுக்கு ஆயிரம் லீற்றர்த் தாங்கியை நிரப்புவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

நமது ஊர் வீடுகளின் கூட்டிப் பெருக்கிய மணல் முற்றம் இந்த நிலத்துக்கு மிகப் பொருத்தமானது. மழைநீரை உறிஞ்சும், பாம்பு ஊர்ந்தால் தெரியும், தண்ணீர் கேட்காது. அதன் ஓரத்தில் ஒரு வேம்பை நட்டு நிழலை உண்டாக்குவதற்கு எந்தக் கொந்தராத்துக்காரரும் தேவையில்லை. புல் வேண்டியே வேண்டுமென்றால் ஒரு பேர்ச்சுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலியா, மதிலா?

கதியால் வேலியை வீட்டாரே போடலாம். பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளை மழை தொடங்கும் காலத்தில் நட்டால் பெரும்பாலும் துளிர்க்கும். இலை ஆட்டுக்கும் பசளைக்கும் உதவும். கட்டாக்காலி மாடுகள் உள்ள இடத்தில் கொங்கிறீட் தூணும் முள்கம்பியும் வேண்டியிருக்கும். தூண் நேராக நிற்பதும் கம்பி இறுகுவதும் கைப்பழக்கத்தில் வருவன என்பதால் அதற்கு ஆள் பிடிப்பதே மேல்.

மதிலானால் முதலில் நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளப்பித்து, பிரதேச சபையில் அனுமதி பற்றிக் கேட்டுவிட்டு மேசனிடம் போங்கள். இடம்பெயர்ந்து மீண்ட ஊர்களில் பழைய எல்லைக்கற்கள் பல இடங்களில் காணாமற் போய்விட்டன. “இந்தப் பூவரசுதான் எல்லை” என்ற வாய்ப்பேச்சை நம்பிக் கல்லும் சீமெந்தும் செலவழிப்பது வழக்கைத் தேடிப் போவதாகும். மதிலின் அடியில் வெள்ளம் போகத் துவாரங்கள் விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழு வளவும் குளமாகும்.

நிற்கும் மரங்களை வெட்டுவதற்கு?

பலாவையும் பெண் பனையையும் அனுமதியின்றித் தறிப்பதை 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதிரை, பாலை போன்ற மரங்களானால் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் முன்கூட்டியே அனுமதி பற்றி விசாரியுங்கள். “நாங்கள் வெட்டி ஏற்றிக்கொண்டு போகிறோம், காசு வேண்டாம்” என்று வருபவர் உங்களுக்கு உதவி செய்ய வரவில்லை. கூரைக்கு மேலோ மின்கம்பிக்கு அருகிலோ சாய்ந்த மரத்தில் வீட்டார் கைவைக்கக்கூடாது. கம்பியருகே என்றால் முதலில் மின் விநியோக அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வெட்டித் துப்புரவாக்கிவிட்டுப் பிறகு கன்று நடுவோம் என்ற எண்ணமே தவறு. முப்பது ஆண்டு வேம்பின் நிழலைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

நடைபாதைக்குக் கல் பதிப்பதை நாமே செய்யலாமா?

ஆட்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையைச் செய்யலாம். வாகனம் ஏறும் இடத்தில் அடியில் கிரவல் போட்டு இயந்திரத்தால் இறுக்கவேண்டும், மேசனிடம் விடுங்கள். முற்றம் முழுவதையும் கல்லால் மூடினால் மழைநீர் நிலத்துக்குள் இறங்காது, கோடையில் வீடும் அடுப்பாகும்.

நாட்கூலியா, கொந்தராத்தா?

அளக்கக்கூடிய வேலையை அளவுக்கும், கவனம் வேண்டிய வேலையை நாட்கூலிக்கும் கொடுங்கள். குழியை எண்ணிக்கைக்குப் பேசலாம், கல் பதிப்பதைச் சதுர அடிக்குப் பேசலாம், வேலித்தூணைத் தூணுக்குப் பேசலாம். நடுதல், கவ்வாத்து, மேல்மண் பரப்புதல் போன்றவற்றைக் கொந்தராத்தாகக் கொடுத்தால் வேகம் வரும், கவனம் போகும். நாட்கூலியில் நீங்கள் அருகில் நிற்கவேண்டும். அதற்கு நேரமில்லாவிட்டால் கொந்தராத்தைத் தவிர வழியில்லை.

பெக்கோவுக்கு மணித்தியாலக் கணக்கு. மணித்தியாலம் இயந்திரம் வளவுக்குள் வந்ததிலிருந்தா, கிளம்பியதிலிருந்தா, ஏற்றி இறக்கும் செலவு யாருடையது, எரிபொருள் யாருடையது என்பவற்றைத் தொடங்குமுன் பேசிவிட வேண்டும். நாட்கூலியில் மதியச் சாப்பாடும் தேநீரும் வீட்டாருடையதா என்பதும் அப்படியே. இதைக் கேட்பது கஞ்சத்தனம் என்று நினைத்து விட்டவர்களே மாலையில் வாய்த்தர்க்கப்படுகிறார்கள்.

கொந்தராத்தானால் ஒரு கொப்பித் தாளிலாவது எழுதுங்கள். என்ன வேலை, என்ன அளவு, பொருள் யாருடையது, எந்த நாளுக்குள், பணம் எத்தனை கட்டமாக என்பவை அதில் இருக்கவேண்டும். முற்பணம் பொருள் வாங்கும் அளவுக்கு மேல் போகவேண்டாம். கடைசிக் கட்டப் பணத்தை முதல் பெருமழை பெய்து நீர் ஓடும் திசையைப் பார்த்தபின் கொடுப்பதாகப் பேசினால் நல்ல வேலைக்காரர் சம்மதிப்பார். அவர் முன்பு செய்த வளவுகளைப் பார்க்கப் போகும்போது புதிதாக முடித்ததைப் பார்க்கவேண்டாம். இரண்டு மாரி கண்டதைக் காட்டச் சொல்லுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எரிபொருள், சீமெந்து, கூலி எதுவும் பழைய விலையில் இல்லை. இங்கே ஒரு தொகையைச் சொன்னால் நீங்கள் வாசிக்கும்போது அது பொய்யாகியிருக்கும். இயந்திர மணித்தியாலம், கியூப் மண், தூண், ஆள்நாள், கன்று என்று ஐந்து நிரல்கள் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஊரில் இருவரிடமாவது விலை கேளுங்கள். முதலாண்டில் பணம் நிலத்தைச் சரிவாக்குவதற்கும் வடிகாலுக்கும் வேலிக்கும் போகட்டும். அழகு அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். ஊர் வளவை அங்கிருந்தே திருத்துவிக்கலாமா?

யார் தண்ணீர் விடுவார் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் மட்டும் கன்று நடுவியுங்கள். ஆளில்லாத வளவில் ஐப்பசியில் நட்ட பழமரக்கன்றுகள் அடுத்த ஆடிக்குள் பட்டுப்போவதும், அதற்கு அடுத்த ஆண்டு மீண்டும் பணம் அனுப்பி நடுவதும் வழக்கமாகிவிட்டது. குடியிருக்க ஆள் வரும்வரை எல்லையை அளப்பித்தல், வேலி, வடிகால், பற்றை வெட்டல் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். மரம் வேண்டுமென்றால் எல்லையோரம் பனங்கொட்டைகளை ஊன்றச் சொல்லுங்கள். பலன் தரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் செல்லலாம், ஆனால் தண்ணீர் கேட்காது. வேம்பும் முதலாண்டைத் தாண்டிவிட்டால் தானே நின்றுகொள்ளும்.

வேலையைப் பார்க்க உறவினர் ஒருவரை விட்டால் அவருக்கும் நாட்கூலி கொடுங்கள். சொந்தம் என்பதற்காக இலவசமாக வெயிலில் நிற்கச் சொன்னால் வேலையும் கெடும், சொந்தமும் கெடும். வட்ஸ்அப்பில் படம் கேட்கும்போது அளவுகோலோ தடியோ வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது எடுத்த ஒரு காணொளி, வெயிலில் எடுத்த பத்துப் படங்களைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

வீட்டில் வயதானவர்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம். நாங்கள் என்ன செய்வது?

வளவு முழுவதையும் கையிலெடுக்காதீர்கள். கிணற்றிலிருந்து குழாய் எட்டும் தூரத்துக்குள் ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, இரண்டு எலுமிச்சை, சில பூஞ்செடிகள் போதும். மீதியில் பற்றை மண்டாமல் ஆண்டுக்கு இருமுறை கூலிக்கு வெட்டுவியுங்கள். கிணறு இறைத்துத் துப்புரவாக்குவதற்கு ஆள் பிடித்தால், எஞ்சின் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்ட விடாதீர்கள். அதன் புகையால் கிணற்றுக்குள் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

யானை, குரங்கு வரும் இடத்தில் என்ன நடுவது?

ஒட்டுசுட்டான், துணுக்காய், வவுனியா வடக்கு போன்ற காட்டோரப் பகுதிகளில் வீட்டுச் சுவரருகே வாழை வைப்பது யானையைப் படலைக்குள் அழைப்பதாகும். எந்த வேலிக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் முள்கம்பி யானையை நிறுத்தாது. எலுமிச்சை, தோடை போன்றவற்றை யானை அவ்வளவாக நாடுவதில்லை. குரங்குக்கு இதுவரை யாரும் முழுத் தீர்வு சொல்லவில்லை. காய்கறியை வலைக்குள் வையுங்கள்.

அடர்ந்த செடிகள் வைத்தால் பாம்பு வருமா?

வரும். புடையன் ஒதுங்குவதற்குக் கற்குவியலும் விறகு அடுக்கும் அடர்ந்த தரைப்படர் செடியும் போதும். வீட்டைச் சுற்றிப் பத்தடியை வெளியாக வையுங்கள். அழகுக்கென்று கல் அடுக்கித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வேலை முடித்து ஆட்கள் போனபின் முதலாண்டில் நாம் செய்யவேண்டியது என்ன?

மாரி முழுவதும் குடையோடு வளவைச் சுற்றி நடந்து, நீர் தேங்கும் இடங்களில் தடி நட்டு அடையாளம் வையுங்கள். தை பிறந்ததும் அவற்றை மண்வெட்டியால் சரிசெய்யலாம். மாசிக்குள் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் காய்ந்த ஓலை, உரிமட்டை, சருகு கொண்டு நான்கு அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள், ஆனால் தண்டைத் தொடவிடவேண்டாம். தொட்டால் கறையான் ஏறும். கன்றருகே சிறு துளையிட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்துக் கிழமைக்கு இருமுறை நிரப்பினால் கோடையைத் தாண்டலாம். பட்டுப்போன கன்றின் இடத்தை உடனே நிரப்ப முயலவேண்டாம். ஏன் பட்டது என்று தோண்டிப் பார்த்து, நீர் தேங்கியதா, கறையானா, பையோடு நட்டதா என்று அறிந்துகொண்டு, ஐப்பசி மழைக்கு அதே குழியில் திரும்ப நடுங்கள்.